மூன்று தோற்ற பிறகு நான்கு ஜெயிப்பது எப்படி?

1942 ஏப்ரல். ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பைக்கான இறுதித் தொடரில் டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி, டெட்ராய்ட் ரெட் விங்ஸிடம் வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றுவிட்டது. மொத்தம் ஏழு ஆட்டம், முதலில் நான்கு ஜெயிக்கும் அணிக்குக் கோப்பை. டெட்ராய்ட்டுக்கு இன்னும் ஒன்றே ஒன்று போதும்.

அந்த நேரத்தில் டொரன்டோவின் பயிற்சியாளர் ஹாப் டே ஒரு காரியம் செய்தார். கோல் போடுவதில் அணியே நம்பியிருந்த கோர்டி டிரில்லனையும், அனுபவமுள்ள தடுப்பாட்டக்காரர் பக்கோ மெக்டொனால்டையும் உட்கார வைத்தார். பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டை, டொரன்டோவின் பகுதிக்குள் வீசியடித்துவிட்டு, பின்னாலேயே துரத்திப் போய்ப் பிடிப்பதுதான் டெட்ராய்ட்டின் உத்தி. அதற்கு ஈடுகொடுக்க வேகமான கால்கள் வேண்டும். டான் மெட்ஸ் போன்ற, அதுவரை பெரிதாக வாய்ப்புக் கிடைக்காத வீரர்கள் உள்ளே வந்தார்கள்.

நான்காவது ஆட்டத்திலும் டொரன்டோ முதலில் 0-2 என்று பின்தங்கியது. அப்புறம் 4-3 என்று ஜெயித்தது. ஐந்தாவது ஆட்டம் 9-3. அதில் மூன்று கோல் டான் மெட்ஸ் போட்டது. ஆறாவது 3-0. ஏழாவது 3-1. கோப்பை டொரன்டோவுக்கு.

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் வழக்கமான சீசனுக்குப் பிறகு கோப்பைக்காக நடக்கும் ப்ளேஆஃப் சுற்றுகளில் 200க்கும் மேற்பட்ட தொடர்கள் 0-3 என்ற நிலைக்குப் போயிருக்கின்றன. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறிவந்து தொடரையே ஜெயித்தவை நான்கே அணிகள். 1942இல் டொரன்டோ, 1975இல் நியூயார்க் ஐலண்டர்ஸ், 2010இல் பிலடெல்பியா ஃபிளையர்ஸ், 2014இல் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ்.

இதைச் சொல்லும்போதெல்லாம் மன உறுதி, விடாமுயற்சி என்றுதான் பேச்சு போகும். வீரர்களின் உறுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தோற்ற 200 சொச்சம் அணிகளிலும் உறுதியான ஆட்கள்தான் இருந்தார்கள். அப்படியானால் வித்தியாசம் எங்கே?

முதலில் எளிய கணக்கு. இரண்டு அணியும் சமபலம் என்று வையுங்கள். ஒவ்வொரு ஆட்டமும் பூவா தலையா மாதிரி. தொடர்ந்து நான்கு முறை பூ விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 16இல் 1, அதாவது சுமார் 6 சதவீதம். 200 தொடர்களில் 12 அல்லது 13 முறை இப்படி நடந்திருக்க வேண்டும். நடந்ததோ நான்கு முறை. எதிர்பார்ப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு குறைவு? 0-3 என்ற ஸ்கோரே ஒரு தகவல் என்பதுதான் காரணம். ஓர் அணி மூன்று ஆட்டமும் தோற்றிருக்கிறது என்றால், அது உண்மையிலேயே பலம் குறைந்த அணியாக இருக்கும் சாத்தியம் அதிகம். ஓர் ஆட்டத்தை ஜெயிக்க அந்த அணிக்கு 40 சதவீத வாய்ப்பு என்று வைத்தால், நான்கையும் தொடர்ந்து ஜெயிக்கும் வாய்ப்பு இரண்டரை சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. 200 தொடருக்கு ஐந்து. உண்மை எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். 50க்கும் 40க்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லை. ஆனால் நான்கு முறை பெருக்கும்போது பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடலாம். இவ்வளவு கடினம் என்றால், நான்கு முறையாவது நடந்தது எப்படி? அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில் 0-3இலிருந்து எந்த அணியும் தொடரை ஜெயித்ததே இல்லை. அங்கேயும் நூற்றுக்கு மேற்பட்ட அணிகள் அந்த நிலையில் மாட்டியிருக்கின்றன.

விடை பக்கில் இருக்கிறது. பக் என்பது கெட்டி ரப்பரால் ஆன வட்டு. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிமன், எடை ஏறக்குறைய 160 முதல் 170 கிராம். துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்து எடுத்து வருவார்கள். அப்படியும் அது யாருடைய மட்டையிலோ, காலணியிலோ, முழங்காலிலோ பட்டுத் திசை மாறும். ஆறடி அகலமும் நாலடி உயரமும் உள்ள வலைக்கு முன்னால் ஐந்தாறு பேர் முண்டிக்கொண்டு நிற்பார்கள். கோல்கீப்பருக்குப் பல நேரம் பக்கே கண்ணில் படாது.

கூடைப்பந்தில் ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நூறு புள்ளிக்கு மேல் எடுக்கும். அத்தனை முறை முயன்று பார்க்கும்போது அதிர்ஷ்டம் இரு பக்கமும் சமமாகிப் போய், நல்ல அணி மேலே வந்துவிடும். ஹாக்கியில் ஓர் அணி சுமார் 30 முறை கோலை நோக்கி அடித்தால் மூன்று உள்ளே போகும். மூன்று என்பது மிகச் சிறிய எண். அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் ஆட்டத்தின் முடிவே மாறிவிடும்.

கோல்கீப்பர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நூறு ஷாட்டில் 91ஐத் தடுப்பவர், அதாவது நல்ல கீப்பர். மூன்று ஆட்டத்தில் அவரை நோக்கி மொத்தம் 90 ஷாட் வருகிறது. சராசரியாக எட்டு கோல் விட வேண்டும். ஆனால் அவர் திறமை இம்மியும் மாறாமலேயே, வெறும் தற்செயலால் இந்த எண்ணிக்கை இரண்டு மூன்று கோல் மேலோ கீழோ போவது சர்வசாதாரணம். புள்ளியியல் கணக்கே அப்படித்தான் வருகிறது. 11 கோல் விட்டால் "பயந்துபோய்விட்டார்" என்பார்கள். ஐந்து விட்டால் "சுவர் மாதிரி நிற்கிறார்" என்பார்கள். இரண்டும் அதே ஆள், அதே திறமை. மூன்று ஆட்டம் என்பது ஒரு கீப்பரை எடைபோடப் போதாது.

ஹாக்கிப் புள்ளிவிவரம் பார்ப்பவர்கள் இதற்கென்று பி.டி.ஓ. என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அணி அடிக்கும் ஷாட்டில் எத்தனை சதவீதம் கோலாகிறது, எதிரணியின் ஷாட்டில் எத்தனை சதவீதத்தைத் தங்கள் கீப்பர் தடுக்கிறார் என்ற இரண்டையும் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். லீக் முழுவதும் சேர்த்துப் பார்த்தால் இது 100. ஓர் அணியின் எண் 104, 105 என்று ஏறி நின்றால் அது நீண்ட நாள் நிலைக்காது. 95க்கு இறங்கினாலும் அப்படியே கிடக்காது. நாளாக நாளாக 100க்குப் பக்கத்தில் திரும்பிவிடும். முந்தைய துரதிர்ஷ்டத்துக்கு ஈடுகட்ட அதிர்ஷ்டம் வருகிறது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. துரதிர்ஷ்டம் தொடரவில்லை, அதனால் அணி தன் வழக்கமான நிலைக்கு வருகிறது.

இங்கேதான் அந்த நான்கு அணிகளின் கதை எனக்குப் புதிதாகத் தெரிய ஆரம்பித்தது. ப்ளேஆஃபுக்கு முந்தைய வழக்கமான சீசனில் அவை எடுத்த புள்ளிகளைப் பாருங்கள். 1942இல் டொரன்டோ 57 புள்ளி, லீகில் இரண்டாம் இடம். அவர்களை மூன்று முறை தோற்கடித்த டெட்ராய்ட் 42 புள்ளி, ஐந்தாம் இடம். 1975இல் ஐலண்டர்ஸ் 88, எதிரணி பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 89. 2010இல் ஃபிளையர்ஸ் 88, பாஸ்டன் புரூயின்ஸ் 91. அதாவது ஒரு தொடரில் பலமான அணிதான் 0-3இல் கிடந்தது. இரண்டு தொடர்களில் இரு அணிகளும் கிட்டத்தட்டச் சமம்.

2014 மட்டும் மாறுபட்டது போலத் தெரியும். சான் ஹோசே ஷார்க்ஸ் 111, கிங்ஸ் 100. ஆனால் அந்த சீசனில் கோலை நோக்கி அடிக்கும் முயற்சிகளில் மிகப் பெரிய பங்கை வைத்திருந்த அணி கிங்ஸ்தான். பக் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருந்தது, உள்ளேதான் போகவில்லை. ஷார்க்ஸுக்கு எதிரான முதல் மூன்று ஆட்டத்தில் அவர்கள் 6, 7, 4 என்று 17 கோல் வாங்கினார்கள். அடுத்த நான்கில் 3, 0, 1, 1. மொத்தமே ஐந்து. பிரதான கோல்கீப்பர் அதே ஜோனதன் குவிக்தான். அந்த ஆண்டு ஸ்டான்லி கோப்பையும் கிங்ஸ் கைக்கே போனது.

ஆக, 0-3 என்ற பலகைக்குக் கீழே இரண்டு வகை அணிகள் நிற்கின்றன. பெரும்பாலானவை உண்மையிலேயே பலம் குறைந்தவை. சில மட்டும் பலமிருந்தும் மூன்று ராத்திரி பக் தவறான பக்கம் துள்ளியதால் அங்கே வந்து சேர்ந்தவை. ஏறிவருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். நாம் அதை ஒரு பெரிய திருப்பமாகப் பார்க்கிறோம். கணக்கின் கண்ணில் முதல் மூன்று ஆட்டம்தான் விசித்திரம்.

சரி, எல்லாமே தற்செயல்தானா? அப்படியும் சொல்ல முடியாது. நான்காவது ஆட்டத்தில் இறங்கும் அணி பல நேரம் முதல் ஆட்டத்தில் இறங்கிய அதே அணியாக இருப்பதில்லை. ஓர் ஆட்டத்தை ஜெயிக்கும் வாய்ப்பு 45 சதவீதத்திலிருந்து 55க்கு ஏறினால், நான்கையும் ஜெயிக்கும் வாய்ப்பு 4 சதவீதத்திலிருந்து 9க்கு ஏறும். இரண்டு மடங்குக்கு மேல். ஒரு சின்ன மாற்றம் நான்கு முறை பெருக்கப்படுகிறது. ஹாப் டே செய்தது அதைத்தான். 1975இல் ஐலண்டர்ஸ் பயிற்சியாளர் அல் ஆர்பர் கோல்கீப்பரையே மாற்றினார். பில்லி ஸ்மித்துக்குப் பதில் சிக்கோ ரெஷ் இறங்கினார். ஏழாவது ஆட்டத்தில் ரெஷ் ஒரு கோலும் விடவில்லை. எட் வெஸ்ட்ஃபால் கடைசிப் பகுதியில் போட்ட ஒரே கோலில் 1-0.

2010இல் இரு பக்கமும் ஆள் மாறியது. மூன்றாவது ஆட்டத்தில் பாஸ்டனின் டேவிட் கிரேச்சிக்கு மணிக்கட்டில் அடிபட்டது. அந்த ஆட்டத்தை பாஸ்டன் ஜெயித்து 3-0 என்று முன்னேறியது. ஆனால் தன் முக்கியமான நடுக்கள வீரரை இழந்துவிட்டது. காலில் அடிபட்டு வெளியே இருந்த ஃபிளையர்ஸின் சைமன் கான்யே நான்காவது ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். அந்த ஆட்டத்தை ஓவர்டைமில் முடித்துவைத்த கோல் அவருடையது.

அந்தத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாஸ்டன் சொந்த ஊரில் ஆடுகிறது. முதல் 20 நிமிடப் பகுதி முடிவதற்குள் 3-0. தொடரில் 0-3 என்றிருந்த ஃபிளையர்ஸ், இப்போது கடைசி ஆட்டத்திலும் 0-3. பயிற்சியாளர் பீட்டர் லாவியோலெட் டைம்-அவுட் கேட்டார். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணிக்குக் கிடைப்பது ஒரே ஒரு டைம்-அவுட், 30 விநாடி. அந்தப் பகுதி முடிவதற்குள் ஒரு கோல் திரும்பி வந்தது. இரண்டாம் பகுதியில் இன்னும் இரண்டு. 3-3.

இங்கே வேலை செய்யும் இன்னொரு விஷயமும் உண்டு. முன்னிலையில் இருக்கும் அணி பின்வாங்கித் தடுக்க ஆரம்பிக்கும். பக்கை வெளியே அடித்துவிட்டு ஆள் மாற்றிக்கொள்ளும். பின்தங்கிய அணிக்கு இழக்க எதுவும் இல்லாததால் மேலே ஏறி அடித்துக்கொண்டே இருக்கும். ஸ்கோர் ஒரு பக்கம் சாய்ந்தால் ஷாட் எண்ணிக்கை மறுபக்கம் சாய்வது இந்த ஆட்டத்தில் திரும்பத் திரும்பக் காணும் வழக்கம். முன்னிலையே அதைக் கரைக்கும் வேலையையும் தொடங்கி வைக்கிறது.

மூன்றாம் பகுதியில் பாஸ்டன் ஒரு தவறு செய்தது. ஐஸ் ஹாக்கியில் வீரர்கள் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தடுப்பைத் தாண்டிக் குதித்து மாறிக்கொள்வார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வருவதற்குள் அடுத்தவர் இறங்கிவிட்டால் ஆள் கணக்கு மீறிவிடும். அந்தத் தவறுக்கு இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் கான்யே கோல் போட்டார். 4-3.

கடைசியாக, வேகம் பிடித்துவிட்டது என்று சொல்வார்களே, அது உண்மையா? மூன்று தொடர்ந்து ஜெயித்து வரும் அணி ஏழாவது ஆட்டத்தில் காற்று தன் பக்கம் வீசுவதுபோல ஆடும் என்றுதான் தோன்றும். 0-3இலிருந்து ஏழாவது ஆட்டம் வரை தொடரை இழுத்து வந்தவை 2024 வரை பத்து அணிகள். அந்தக் கடைசி ஆட்டத்தை ஜெயித்தவை நான்கு, தோற்றவை ஆறு. பத்து என்பது சிறிய எண்தான், அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று வெற்றியின் வேகம் அவ்வளவு பெரிய சக்தி என்றால் அது இங்கேயாவது கண்ணில் பட்டிருக்க வேண்டும். 1975 ஐலண்டர்ஸே சாட்சி. பிட்ஸ்பர்க்கை அப்படி ஜெயித்த கையோடு அடுத்த தொடரில் ஃபிளையர்ஸிடம் மறுபடி 0-3, மறுபடி மூன்று வெற்றி. ஏழாவதில் 4-1 என்று தோற்றுப்போனார்கள்.

அந்தப் பத்தில் கடைசி அணி எட்மன்டன் ஆயிலர்ஸ். 2024 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர்கள் புளோரிடா பாந்தர்ஸின் கோலை நோக்கி 32 முறை அடித்தார்கள். புளோரிடா 18 முறை. முடிவு 3-0, புளோரிடாவுக்கு. கோல்கீப்பர் செர்கேய் போப்ரோவ்ஸ்கி 32ஐயும் தடுத்தார். நான்காவது ஆட்டத்தில் அதே போப்ரோவ்ஸ்கி ஐந்து கோல் விட்டதும் அவரை வெளியே அழைத்துவிட்டார்கள், எட்மன்டன் 8-1. பிறகு 5-3, 5-1. ஜூன் 24 அன்று புளோரிடாவின் சன்ரைஸ் நகரில் ஏழாவது ஆட்டம். போப்ரோவ்ஸ்கி அன்று ஒரே ஒரு கோல்தான் விட்டார். 2-1 என்று புளோரிடா கோப்பையை வென்றது.

ஏழு ஆட்டத்தின் கோல்களையும் கூட்டிப் பாருங்கள். எட்மன்டன் 23, புளோரிடா 18. ப்ளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது தோற்ற அணியின் கானர் மெக்டேவிட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அதை வாங்கிக்கொள்ள அவர் உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வரவில்லை.