ஃபுட் வால்வுக்கு ஒரு சல்லடைக் கூடு

மோட்டார் ஓடுகிறது, மின்சாரம் சரியாக வருகிறது, கிணற்றிலும் போதுமான தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் தொட்டி நிறைய முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. போதாக்குறைக்குப் பம்ப்பின் உள்ளே சரளைக்கல் உருள்வதுபோல ஒரு சத்தம். உடனே எல்லோருடைய சந்தேகமும் மோட்டாரின் மேல்தான் போகும். காயிலைப் பார், கண்டென்சரை மாற்று, பம்ப்பைக் கழற்று என்று வேலை ஆரம்பித்துவிடும். அதற்கு முன் சக்‌ஷன் குழாயின், அதாவது பம்ப் தண்ணீரை உறிஞ்சும் குழாயின், மறுமுனையைப் பார்ப்பது நல்லது. அங்கே தண்ணீருக்குள் இருக்கும் ஃபுட் வால்வின் (தண்ணீரை மேலே விட்டு, திரும்பக் கீழே இறங்கவிடாத ஒருவழி அடைப்பான்) சின்னச் சல்லடையில் நாலு அழுகிய இலையும் கொஞ்சம் பாசியும் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், மேலே இருக்கும் பம்ப் மூச்சுத் திணறிவிடும்.

கிணற்றுக்கு மேலே அல்லது உள்மேடையில் உட்கார்ந்து தண்ணீரை உறிஞ்சும் பம்ப்புகளைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். நீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்புகளின் கதை வேறு.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்றுமண்டலம்தான் தண்ணீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. உறிஞ்சு பம்ப்புகள் 18 முழத்துக்கு மேல் தண்ணீரை ஏற்றுவதில்லை என்று கலிலியோ 1638-இல் எழுதினார். நீளமான கயிறு தன் எடையாலேயே அறுந்துபோவதுபோல, உயரமான நீர்த்தூணும் தன் எடையால் முறிந்துவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். அது சரியில்லை. காரணம் காற்றின் எடை என்று 1644-இல் விளக்கியவர் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி. கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் 760 மி.மீ. பாதரசத்தைத் தாங்கும். தண்ணீரில் கணக்கிட்டால் அது சுமார் 10.3 மீட்டர். உலகின் எந்த விலையுயர்ந்த பம்ப்பும் சக்‌ஷன் பக்கத்தில் இந்த எல்லையைத் தாண்டாது.

இந்த 10.3 மீட்டர்தான் நம் கையில் இருக்கும் முழு இருப்பு. இதிலிருந்துதான் எல்லாச் செலவும் போக வேண்டும். நீர்மட்டம் பம்ப்புக்கு 6 மீட்டர் கீழே இருந்தால் அதற்கே 6 மீட்டர் போய்விடும். 30 டிகிரி வெப்பத்தில் நீராவியின் அழுத்தம் சுமார் 0.4 மீட்டரை எடுத்துக்கொள்ளும். குழாயின் உராய்வும் வளைவுகளும் சேர்ந்து அரை மீட்டருக்கு மேல் கேட்கும். பம்ப்பின் வாயிலும் கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருந்தாக வேண்டும். பம்ப்புக்குப் பம்ப் இது மாறும், 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி ஒரு மீட்டர் சொச்சம். சல்லடை எவ்வளவு அடைத்துக்கொண்டாலும் இந்த ஒரு மீட்டருக்குள்தான் சமாளிக்க வேண்டும்.

அது தாண்டினால் பம்ப்பின் வாயில் அழுத்தம் நீராவி அழுத்தத்துக்குக் கீழே இறங்கி, தண்ணீர் அந்தச் சாதாரண வெப்பத்திலேயே கொதித்துக் குமிழிகளாகும். குமிழிகள் இம்பெல்லரின் (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அழுத்தம் கூடிய பகுதிக்குப் போனதும் சட்டென்று நசுங்கி உடையும். காதில் விழும் சரளைச் சத்தம் அதுதான். ஒவ்வொரு குமிழியும் உடையும்போது உலோகத்தை நுண்ணிய அளவில் கொத்துகிறது. மாதக்கணக்கில் இப்படி ஓடினால் இம்பெல்லர் அம்மை வடுப்போலக் குழிவிழுந்துவிடும்.

சரி, சல்லடை எவ்வளவு அழுத்தத்தைத் தின்னும்? நிமிடத்துக்கு 40 லிட்டர் எடுக்கும் ஒரு பம்ப், 25 மி.மீ. உள்விட்டமுள்ள சக்‌ஷன் குழாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். குழாயின் வாய்ப் பரப்பு சுமார் 490 சதுர மி.மீ. உள்ளே நீரின் வேகம் நொடிக்கு 1.36 மீட்டர். சல்லடைத் துளைகளின் மொத்தப் பரப்பும் அதே 490 ஆக இருந்தால் அழுத்த இழப்பு கால் மீட்டர் அளவுதான். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் இந்த இழப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. பாதித் துளைகள் அடைத்துக்கொண்டால் மீதித் துளைகளில் அதே அளவு நீரைக் கொண்டுபோக வேகம் இரண்டு மடங்காக வேண்டும். இழப்போ நாலு மடங்காகி ஒரு மீட்டரைத் தொடும். முக்கால்வாசி அடைத்தால் பதினாறு மடங்கு, அதாவது 4 மீட்டருக்கும் மேல். அவ்வளவு அழுத்தம் கையில் இல்லாததால் நீரின் அளவு குறைகிறது, சத்தம் தொடங்குகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் அது நமக்குச் சாதகமாகிவிடும். துளைகளின் மொத்தப் பரப்பு குழாய் வாயைப்போல நாலு மடங்கு இருந்தால் இழப்பு பதினாறில் ஒரு பங்கு. ஒன்றரை சென்டிமீட்டருக்கும் சற்று அதிகம், அவ்வளவே. எட்டு மடங்கு வைத்தால் முக்கால்வாசித் துளைகள் அடைத்துக்கொண்ட பிறகும் குழாய் வாயைப்போல இரண்டு மடங்கு திறப்பு மிஞ்சும். ஆகவே நல்ல சல்லடையில் துளை எவ்வளவு பொடியாக இருக்கிறது என்பதைவிட மொத்தம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே முக்கியம். கடையில் வாங்கும் ஃபுட் வால்வோடு வரும் சல்லடை அடக்கமான அளவில்தான் இருக்கும். அதைச் சுற்றி இன்னும் பெரிய கூடு ஒன்றை மாட்டிவிட்டால் வால்வுக்கும் பாதுகாப்பு. வால்வின் மூடிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு சுள்ளி சிக்கினாலே அது சரியாக மூடாது. குழாய்த் தண்ணீர் இரவோடு இரவாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். காலையில் குழாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பிய பிறகுதான் பம்ப் எடுக்கும்.

இந்தக் கூட்டைச் செய்வது மிகச் சுலபம். அது ஏன் சுலபம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. பம்ப்புக்குப் பக்கத்தில், சக்‌ஷன் குழாயின் நடுவே ஒரு வடிகட்டியைப் பொருத்துவதாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். அங்கே உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. மயிரிழை இடைவெளி இருந்தாலும் பம்ப் காற்று வாங்கிவிடும். தண்ணீர் வெளியே கசிந்தாலாவது கண்ணுக்குத் தெரியும், காற்று உள்ளே போவது தெரியாது. ஆனால் ஃபுட் வால்வுக்கு வெளியே, நீருக்குள் தொங்கும் கூட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அதன் மூட்டில் இடைவெளி இருந்தால் உள்ளே வரப்போவதும் தண்ணீர்தான். பசை வேண்டாம், மரை வேண்டாம், நூல் சுற்ற வேண்டாம். துளையைவிடப் பெரிய சந்து இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

110 மி.மீ. பி.வி.சி. குழாயில் ஒரு 30 சென்டிமீட்டர் துண்டு, அதற்கு இரண்டு மூடிகள், ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப் (திருகை முறுக்கி இறுக்கும் வளையப் பட்டை). குழாய்த் துண்டைச் சுற்றி 5 மி.மீ. துளைகள் போட வேண்டும். ஒரு துளை சுமார் 20 சதுர மி.மீ.; ஆக 25 துளைகள் குழாய் வாய்க்குச் சமம், 200 துளைகள் எட்டு மடங்கு. இந்தத் துண்டில் 200 துளைகள் தாராளமாக அடங்கும், குழாயின் வலுவும் கெடாது. பம்ப்பின் நீர்வழி குறுகலானது என்றால் 3 மி.மீ. துளை நல்லது. ஆனால் அப்போது எட்டு மடங்குக்கு 550-க்கும் மேற்பட்ட துளைகள் வேண்டும். பொறுமை இருந்தால் செய்யலாம். பிசிறுகளை நன்றாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள், அவைதான் பாசிக்கு முதல் பிடிமானம்.

அடி மூடியில் துளை வேண்டாம். அதை மாட்டி, கழன்றுவிடாமல் இரண்டு சிறிய ஸ்டெயின்லெஸ் திருகுகள் போட்டால் சரி. மேல் மூடியில்தான் வித்தை. அதன் நடுவில் சக்‌ஷன் குழாயின் வெளிவிட்டத்துக்கு ஒரு வட்டத் துளை போட்டுவிட்டு, மூடியை நடுவாக இரண்டு பாதியாக அறுத்துக்கொள்ளுங்கள். ஃபுட் வால்வைக் கழற்றாமலே, அதற்கு மேலே குழாயின் இருபுறமும் இந்தப் பாதிகளை வைத்துச் சேர்க்கலாம். கீழிருந்து கூட்டை ஏற்றி வால்வை உள்ளே விட்டு, மூடியின் விளிம்பைச் சுற்றிக் கிளாம்ப்பை முறுக்கினால் வேலை முடிந்தது. வால்வின் உடல் குழாயைவிட அகலமானது என்பதால், மூடி வால்வின் தோளில் உட்கார்ந்து கூடு முழுவதையும் தாங்கும். சக்‌ஷன் குழாயில் ஒரு துளைகூடப் போடவில்லை என்பதைக் கவனியுங்கள். அதில் கை வைக்காதவரை காற்றுக் கசிவுக்கு இடமே இல்லை.

வால்வுக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு விரல் அளவாவது இடம் இருக்க வேண்டும். ஒட்டி உட்கார்ந்தால் அந்தப் பக்கத்துத் துளைகள் மட்டுமே வேலை செய்யும், மீதியெல்லாம் அலங்காரத்துக்குத்தான்.

மணலைத் தடுக்க இந்தக் கூட்டுக்கு வெளியே மெல்லிய வலையைச் சுற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். பொடி வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மறுபடி அதே திண்டாட்டம். மணலைத் தடுக்கச் சிறந்த வழி இடைவெளி. எல்லாத் திசையிலிருந்தும் நீர் வரும்போது அதன் வேகம் தூரத்தின் இருமடியில் குறையும். நிமிடத்துக்கு 40 லிட்டர் எடுக்கும்போதும், உறிஞ்சும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி நீரின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 5 மி.மீ.தான். 0.1 மி.மீ. மணல் துகள் நிற்கும் நீரில் நொடிக்குச் சுமார் 8 மி.மீ. வேகத்தில் கீழே விழும். ஆகப் பம்ப் இழுப்பதைவிட வேகமாக மணல் தானே இறங்கிவிடுகிறது. கூடு கிணற்றின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தொங்கினால் அடி மணல் கிளம்பாது. வண்டல் வேறு, அது விழவே நேரமெடுக்கும். அதை எந்தச் சல்லடையும் பிடிக்காது. மேலேயும் கவனம் வேண்டும்: கோடையின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்திலும் கூட்டின் தலைக்கு மேல் அரை மீட்டர் தண்ணீர் இருக்கட்டும். இல்லாவிட்டால் சுழல் உண்டாகிக் காற்றை உள்ளே இழுத்துவிடும்.

வண்டலையும் அழுக்கையும் எடுக்க நுண் வடிகட்டி வேண்டும் என்றால் டெலிவரி பக்கம், அதாவது பம்ப்பிலிருந்து தண்ணீர் வெளியே போகும் பக்கம், வையுங்கள். அங்கே பம்ப் தள்ளுகிறது. 20 மீட்டர், 30 மீட்டர் அழுத்தம்கூடக் கொடுக்க முடியும், ஒன்றிரண்டு மீட்டர் போனால் நட்டமில்லை. கூடு கிருமியைத் தடுக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

சுத்தம் செய்யக் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். காற்றோட்டமில்லாத கிணற்றில் ஆக்சிஜன் குறைந்தோ, கரியமில வாயு தேங்கியோ இருக்கலாம். இறங்குபவருக்கு எந்த எச்சரிக்கையும் கிடைக்காது. காப்பாற்ற இறங்குபவரும் அதே ஆபத்தில் மாட்டிக்கொள்வார். பொருத்தும்போதே குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி மறுமுனையை மேலே முடிந்துவிடுங்கள். பம்ப்புக்கு அருகில் ஒரு யூனியன் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) இருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு அதைக் கழற்றி, குழாயை மேலே தூக்கிக்கொள்ளலாம்.

எப்போது தூக்க வேண்டும் என்பதைப் பம்ப்பின் வாயருகே ஒரு வெற்றிட மானி வைத்துக் கண்டுபிடிக்கலாம். கூடு சுத்தமாக இருக்கும்போது பம்ப்பை ஓடவிட்டு அது காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் அதைவிட 75 மி.மீ. பாதரசம் கூடுதலாகக் காட்டினால் சுமார் ஒரு மீட்டர் அழுத்தம் எங்கேயோ கூடுதலாகச் செலவாகிறது என்று பொருள். உடனே அடைப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். கிணற்று நீர் ஒரு மீட்டர் இறங்கியிருந்தாலும் முள் இதே அளவு நகரும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளந்துபாருங்கள். நீர் இறங்காமல் முள் மட்டும் நகர்ந்திருந்தால், கூட்டை மேலே எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.