ஒரிஜினல் காஸ்ட் ரெக்கார்டிங்: அரங்கேற்றக் குழு இசைப்பதிவு

ஓர் இசைநாடகம் முதன்முதலாக மேடையேறியபோது அதில் நடித்துப் பாடியவர்களே ஸ்டூடியோவில் கூடி, நாடகத்தின் வாத்தியக் குழுவோடு பாடிப் பதிந்த இசைத்தட்டுக்கு ஒரிஜினல் காஸ்ட் ரெக்கார்டிங் அல்லது ஒரிஜினல் காஸ்ட் ஆல்பம் என்று பெயர். மேடையில் நடந்ததை மைக் வைத்துப் பிடித்த பதிவு என்று பலர் இதை எண்ணுகிறார்கள். அது தவறு. இதில் கைதட்டல் கேட்காது, வசனம் பெரும்பாலும் இருக்காது, நடனத்துக்கான இசை வெட்டப்பட்டிருக்கும். மேடையில் அடுத்த காட்சிக்குள் கரைந்துபோகும் பாட்டுக்குத் தட்டில் தனியாக ஒரு முடிப்பு போட்டிருப்பார்கள்.

'காஸ்ட்' என்பதன் வேர் பழைய நார்ஸ் மொழியின் 'கஸ்தா'. எறி என்று பொருள். நடிகர்களுக்கு வேடம் பிரித்துக் கொடுப்பதற்கு அந்தச் சொல் ஆகிவந்து, பிறகு வேடம் ஏற்றவர்கள் அனைவருக்கும் பெயராயிற்று. 'ரெக்கார்ட்' லத்தீனிலிருந்து வந்தது. அதனுள் இருக்கும் 'கோர்' இதயத்தைக் குறிக்கும். மனத்துக்கு மீண்டும் கொண்டுவருவது என்பது மூலப் பொருள். தமிழில் 'பதி' என்பதற்கு அழுந்தச் செய்தல் என்ற பொருள் உண்டு. தட்டில் ஊசி வெட்டும் வரிப்பள்ளத்துக்கு இது இன்னும் நெருக்கமான சொல் என்பது எங்கள் கருத்து.

'ஆல்பம்' சற்று விரித்துச் சொல்ல வேண்டியது. லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமானியர் அரசு அறிவிப்புகளை எழுதிவைத்த வெள்ளைப் பலகை ஆல்பம் எனப்பட்டது. பின்னர் வெற்றுத்தாள் ஏடுகளுக்கும், படம் ஒட்டும் ஏடுகளுக்கும் அப்பெயர் போயிற்று. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகளை, கெட்டி அட்டைக்குள் தைத்த காகித உறைகளில் ஒன்றொன்றாகச் செருகி விற்ற காலத்தில் அந்தத் தொகுதியும் ஆல்பம் ஆனது. 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 3 நிமிடமே கொள்ளும். ஆகவே ஒரு நாடகத்தின் பாட்டுகளைத் தர உண்மையிலேயே ஓர் ஏடு தேவைப்பட்டது.

இந்த வடிவத்தை நிலைநிறுத்தியது 'ஓக்லஹோமா!'. நியூயார்க்கின் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் 1943 மார்ச் 31 அன்று அரங்கேறிய நாடகம் இது. இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் முதல் பதிவுக்கு வருவதில்லை என்று நிறுத்திவைத்திருந்ததால் உடனே தட்டு போட முடியவில்லை. டெக்கா நிறுவனம் 1943 செப்டம்பரில் சங்கத்தோடு உடன்பட்ட பிறகே பதிவு நடந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் 6 தட்டுகள், 12 பக்கங்கள் கொண்ட தொகுதி கடைக்கு வந்தது. இதற்கு முன்பும் நாடகத்தினர் பாடிய தட்டுகள் உண்டு. லண்டனில் 'ஃப்ளோரடோரா' நாடகத்தினர் 1900லேயே பாடியிருக்கிறார்கள். ஆனால் முழுக் குழு, மேடையின் வாத்திய அமைப்பு, மேடை நடத்துநர் எல்லாரும் சேர்ந்து நாடகத்தின் வடிவத்தையே தட்டில் தரும் வழக்கம் அமெரிக்காவில் ஊன்றியது 'ஓக்லஹோமா!'வால்தான். அதிலும் ஒரு நெருடல் இருக்கிறது. விடுபட்ட பாட்டுகளோடு பின்னர் வந்த இரண்டாம் தொகுதியில், ஹோவர்ட் டா சில்வா மேடையில் பாடிய 'லோன்லி ரூம்' என்ற பாட்டை, நாயகனாக நடித்த ஆல்ஃபிரட் டிரேக் பாடுகிறார். உறையில் இருப்பதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

கொலம்பியா நிறுவனம் 1948இல் 33⅓ சுற்று ஓடும் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும்) தட்டைக் கொண்டுவந்ததும் ஒரே தட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் அடங்கியது. 1949இல் வந்த 'சவுத் பசிஃபிக்' தட்டு அமெரிக்க இசை இதழான பில்போர்டின் பட்டியலில் 69 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆனாலும் மேடையில் இரண்டரை மணி நேரம் ஓடும் நாடகம் தட்டில் முழுமையாக ஏறாது. ஒரு பக்கத்தில் அதிக நிமிடம் திணித்தால் வரிப்பள்ளங்கள் நெருங்கும், ஒலியின் அளவைக் குறைக்க வேண்டிவரும், இரைச்சல் மேலெழும். அதனால் திரும்ப வரும் பாட்டுகளும் நடன இசையும் முதலில் வெட்டுப்பட்டன.

அந்தக் காலத்தில் பதிவு பெரும்பாலும் அரங்கேற்றத்தை அடுத்து வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது, அன்று நாடகம் இல்லாததால். நடிகர் சங்க விதிப்படி ஒரு நாள் பதிவுக்கு ஒரு வார ஊதியம் கொடுக்க வேண்டும். எனவே எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். வாரம் 8 காட்சி பாடிய தொண்டையோடு வந்து நள்ளிரவு வரை பாடியவர்கள் உண்டு. பாட்டுகளும் நாடக வரிசையில் பதியப்படுவதில்லை. பெருங்குழுப் பாட்டை முதலில் முடித்துவிட்டால் அவர்களை அனுப்பிவிடலாம். 'மை ஃபேர் லேடி' 1956 மார்ச் 15இல் அரங்கேறி, மார்ச் 25இல் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் பதியப்பட்டது. பழைய தேவாலயம் ஒன்று ஸ்டூடியோவாக மாறிய இடம் அது. உயர்ந்த கூரை தந்த கார்வையை அந்தக் காலத் தட்டுகளில் இன்றும் தெளிவாகக் கேட்கலாம்.

அதே நாடகத்தில்தான் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ரெக்ஸ் ஹாரிசனும் ஜூலி ஆண்ட்ரூஸும் பாடிய தட்டுகள் இரண்டு. ஓ.எல். 5090 என்ற எண்ணுள்ள மோனோ (ஒற்றைத் தட ஒலி) தட்டு நியூயார்க் குழுவினுடையது. ஓ.எஸ். 2015 என்ற ஸ்டீரியோ (இரட்டைத் தட ஒலி) தட்டு 1959இல் லண்டன் குழுவோடு பதிந்தது. இரண்டுக்கும் தலைமை நடிகர்கள் அவர்களே. முதல் பதிவில் இருக்கும் துடிப்பு இரண்டாவதில் இல்லை. ஒலித்தெளிவுக்காக ஸ்டீரியோவைத் தேடுபவர்கள் இதை அறிந்து வாங்க வேண்டும்.

'சவுண்ட்டிராக்' என்று இத்தட்டுகளை அழைப்பது பிழை. அது படச்சுருளின் ஓரத்தில் ஓடும் ஒலித்தடத்தின் பெயர், திரைப்படத்துக்கே உரியது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' 1959 நாடகத் தட்டில் மேரி மார்ட்டினும், 1965 படத்தின் தட்டில் ஜூலி ஆண்ட்ரூஸும் பாடுகிறார்கள். நாடகத்தின் 3 பாட்டுகள் படத்தில் இல்லை.

'ஒரிஜினல்' என்பதற்குத் தமிழில் 'அசல்' என்று போட்டால் மற்றவை போலி என்ற பொருள் வந்துவிடும். 'மூல' என்றால் மூலநூல் நினைவு வரும். 'முதல்' என்று மட்டும் சொன்னால் முதல் பதிவா, முதல் குழுவா என்பது தெரியாது. ஒரு படைப்பு முதன்முதலாக அவைக்கு வருவதை அரங்கேற்றம் என்றே தமிழ் சொல்லிவந்திருக்கிறது. நூலுக்கும் அதுவே சொல். எனவே 'அரங்கேற்றக் குழு இசைப்பதிவு' என்கிறோம். லண்டன் அரங்கேற்றக் குழு, மறுமேடையேற்றக் குழு, மேடையேறாமல் பதிவுக்கென்றே சேர்ந்த ஸ்டூடியோக் குழு என்று பிற வகைகளையும் இதை ஒட்டியே பிரிக்கலாம்.

எந்தப் பிரிவிலும் முழுமையாகப் பொருந்தாத தட்டுகளும் உண்டு. 'கால் மீ மேடம்' (1950) நாடகத்துக்குப் பணம் போட்டது ஆர்.சி.ஏ. விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனம். நாயகி எதெல் மெர்மனோ டெக்காவோடு ஒப்பந்தத்தில் இருந்தார். ஆர்.சி.ஏ. தட்டில் மற்ற நடிகர்கள் எல்லாரும் இருக்க, மெர்மனின் இடத்தில் டைனா ஷோர் பாடினார். டெக்கா தட்டில் மெர்மன் இருக்கிறார், நாடகக் குழு இல்லை. முதலாவதை 'அரங்கேற்றக் குழு இசைப்பதிவு, நாயகி நீங்கலாக' என்றும், இரண்டாவதை மெர்மனோடு ஸ்டூடியோக் குழு பாடிய தட்டு என்றும் குறிப்பதே சரி.