வேலைத்தலக் குழுவில் தகாத இணைப்பு வந்தால்: சட்டப் பாதுகாப்பும் முறைப்பாட்டு வழியும்

கொழும்பில் பல அலுவலகங்களில் விடுமுறை கேட்பது முதல் கணக்கு ஒப்படைப்பது வரை எல்லாம் வாட்ஸ்அப் குழுவிலேயே நடப்பதால், அங்கு யாரோ ஒருவர் பகிரும் ஆபாச இணைப்பு முகாமையாளர், பயிலுநர் என்ற வேறுபாடின்றி அனைவருடைய திரையிலும் வந்து விழுகிறது. இணைப்பின் மேல் முன்னோட்டப் படமும் பெரும்பாலும் தோன்றிவிடுவதால், அதைத் திறக்காதவர்களும் தப்புவதில்லை.

கண்டவர் பிறரை எச்சரிக்க முற்படுவது மிகவும் நல்லது. ஆனால், "இதைத் திறக்க வேண்டாம்" என்று எழுதி அதே இணைப்பை அடுத்த குழுவுக்கு அனுப்பினால், எச்சரிக்க நினைத்தவரே அதைப் பரப்பியவராகிறார். 1927 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம், ஆபாசப் பொருளை விநியோகத்திற்காக வைத்திருப்பதையே தடை செய்கிறது. எந்தக் குழுவில், எத்தனை மணிக்கு, எந்தத் தலைப்போடு வந்தது என்பதை மட்டும் எழுதினால் சக ஊழியர்களுக்கு அதுவே போதுமானது.

வேண்டுமென்றே அனுப்பப்பட்டிருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கிறது. சொல்லாலோ செயலாலோ ஒருவருக்குப் பாலியல் தொந்தரவு விளைவிப்பது குற்றமென்றும், அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாமென்றும், நட்டஈடு வழங்குமாறு நீதிமன்றம் கட்டளையிடலாமென்றும் அப்பிரிவு கூறுகிறது. வேலைத்தலத்தில் அதிகாரமுள்ளவர் செய்வதையும் 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிப்படையாகவே குறிப்பிடுவதால், அனுப்பியவர் மேலதிகாரி என்பதற்காக ஒதுங்கிப் போக வேண்டியதில்லை.

குழு நிர்வாகி செய்தியை அனைவருக்குமாக அழிப்பதற்கு முன், அனுப்பியவரின் தொலைபேசி இலக்கமும் திகதியும் நேரமும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். பெயர் மட்டும் தெரியும் படம் பின்னர் அவ்வளவாக உதவாது. சிறுவர்களின் ஆபாசப் படமாயின் இது பொருந்தாது. தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி அத்தகைய படத்தை வைத்திருப்பதே குற்றமாதலால், எதையும் சேமிக்காமல் உடனடியாக 1929 ஐ அழைத்து தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டும்.

அனுப்பியவராகத் தோன்றுபவரின் கணக்கு வேறொருவரால் கைப்பற்றப்பட்டிருக்கவும் கூடும். ஆகவே, அவரைக் குழுவில் வைத்துக் குற்றஞ்சாட்டுவதற்கு முன் தொலைபேசியில் நேரடியாகக் கேட்பதே நியாயம். அனுமதியின்றிக் கணினியில் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் குற்றமாகும். கணக்கை மீட்பதற்கான ஆலோசனையை இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவிடம் 101 என்ற இலக்கத்தில் பெறலாம்.

பொலிஸ் முறைப்பாட்டில் தமிழருக்கு மொழி ஒரு தடையாகிவிடக் கூடாது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரித்தை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வழங்குகிறது. எனவே, வாக்குமூலத்தைத் தமிழில் பதியுமாறு கேளுங்கள். வாசித்து விளங்காத பக்கத்தில் கையொப்பமிடாதீர்கள்.