இ-பேப்பர்: தமிழில் என்ன சொல்லலாம்?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் நம் வீடுகளில் கையில் இருப்பது அச்சோ போனோ, எல்லாமே 'பேப்பர்'தான். ஆனால் இ-பேப்பர் என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு: அச்சான பக்கம் அப்படியே, பத்தி, படம், விளம்பரம், மரண அறிவித்தல் எதுவும் இடம் மாறாமல் திரையில் வருவது. செய்தித் தளம் வேறு, அங்கே பக்கக் கணக்கே கிடையாது, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும்.

'இ' எலக்ட்ரானிக் என்பதன் முதலெழுத்து, அவ்வளவுதான். பேப்பருக்குத்தான் கதை நீளம். நைல் நதிக்கரையில் வளரும் ஒரு கோரையின் தண்டைக் கீறி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அழுத்திச் செய்த பாப்பிரஸ், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு என்று சுற்றி ஆங்கிலத்தில் பேப்பர் ஆயிற்று (நம் கண்டத்துக் கோரை!). காகிதம் பாரசீகத் தொடர்புள்ள சொல். தாள் நம்முடையது. நெல் அறுத்த வயலில் நிற்கும் தண்டும் தாள்தான், எழுதுவதும் தாள்தான்.

அப்படியானால் மின்தாள் என்று சொல்லிவிடலாமா? எனக்குச் சம்மதமில்லை. கிண்டில் போன்ற மின்னூல் வாசிக்கும் கருவிகளில் மின்னேற்றம் பெற்ற கறுப்பு, வெள்ளைத் துகள்கள் நகர்ந்து எழுத்தாகத் தெரியும் திரைக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான், மின்தாளை அதற்கு விட்டுவிடலாம். மின்னிதழோ, அச்சையே பார்க்காமல் இணையத்தில் பிறந்த பத்திரிகைக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஆகவே என் ஓட்டு மின்பதிப்புக்கு. அச்சுப் பதிப்பு, மின்பதிப்பு என்று ஜோடியாகச் சொல்லவும் வசதி.

1903-ல் காந்தி காலத்தில் டர்பனில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகை ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் நான்கிலும் வந்தது. 1906-ல் தமிழும் இந்தியும் நின்றுபோயின, அந்த மொழிகளில் எழுதவும் அச்சுக்கோக்கவும் ஆள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. இன்று எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடு இருப்பதால் ஈய எழுத்துக்கும் அச்சுக்கோப்பவருக்கும் அலைய வேண்டாம், ஒரு போனே போதும். வாசிக்க ஆள் வேண்டுமே என்பது வேறு கவலை.

அப்புறம் இன்னொரு சிக்கல். இங்கே சிட்டி பிரெஸ் பத்திரிகை 2024 டிசம்பரில் அச்சை நிறுத்திவிட்டு இணையத்தோடு நின்றுகொண்டது. அச்சுப் பதிப்பே இல்லாதபோது மின்பதிப்பு எதற்கு ஜோடி? அச்சில் பிறந்ததானாலும், அந்த மாதிரிப் பத்திரிகைக்கு இனி மின்னிதழ் என்பதே சரி.