லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. வேண்டாம் என்று மின்வண்டி விற்கிறார்களே, நம்பலாமா?

விலை குறைந்த மின் ஸ்கூட்டர், மோட்டார் வைத்த சைக்கிள், பழைய பெட்ரோல் பைக்கை மின்வண்டியாக மாற்றும் கிட். எதை வாங்கப் போனாலும் கடையில் ஒரே பல்லவிதான்: "250 வாட்தான் சார், ஒரு பேப்பரும் தேவையில்லை." சாலையில் மறித்து அபராதம் போடும்போது அந்தக் கடைக்காரர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் விதி 2 (யு) சொல்வது இதுதான். மோட்டார் அரைமணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன் 0.25 கிலோவாட்டுக்கு, அதாவது 250 வாட்டுக்குக் கீழ், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மிகாமல், சரியான பிரேக், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவ்வளவும் இருந்தால் அது மோட்டார் வாகனமே இல்லை. மிதிக்கும் சைக்கிளானால் கூடுதலாக ஒன்று: மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடுவது இதே விதியில் இருக்கும் இன்னொரு வரியை. இந்த நிபந்தனைகளைச் சோதித்து ஒப்புதல் தர வேண்டியது விதி 126-ல் சொல்லியிருக்கும் சோதனை நிறுவனம். புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட் போன்றவை. பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆகவே சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அதிலுள்ள மாடல் பெயரும் வண்டியில் தயாரிப்பாளர் பொருத்திய தகட்டிலுள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரிக்கோ சார்ஜருக்கோ வாங்கிய சோதனை அறிக்கையை நீட்டினால் அது வேறு காகிதம், வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, சீட்டைத் தூக்கி, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான கன்ட்ரோலரின் லேபிளைப் பாருங்கள். 48 வோல்ட், 25 ஆம்பியர் என்றிருந்தால் அது 1,200 வாட் வரை இழுக்கும். மேடேறும்போது கொஞ்ச நேரம் 250-ஐத் தாண்டுவது தப்பில்லை, ஆனால் ஐந்து மடங்கு இழுக்கும் கன்ட்ரோலரை 250 வாட் வண்டியில் வைப்பதற்கு நல்ல காரணம் எதுவும் இருக்காது. பல மலிவு கன்ட்ரோலர்களில் இரண்டு ஒயர்கள் ஒரு சின்ன பிளக்கில் சேர்ந்திருக்கும். வேகத்தை 25-க்குள் பிடித்து வைப்பது அதுதான். "பிரிச்சு விட்டுடறேன், 45 போகும்" என்று கடையிலேயே இலவசமாகச் செய்து தருவார்கள். அந்த நொடியில் உங்கள் வண்டி பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய், பதிவில்லாததற்கு முதல் முறை 5,000 வரை, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000. பள்ளிக்குப் போகும் பிள்ளை ஓட்டியிருந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை. யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு உங்கள் கைப்பணம்.

சாதா சைக்கிளுக்குக் கிட் வாங்குபவர்கள் கைப்பிடியில் திருகும் த்ராட்டில் இல்லாத, மிதிப்பதை உணரும் பெடல் சென்சார் உள்ள, 250 வாட்டுக்குக் கீழான கிட்டையே எடுங்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி 360 வாட்-மணி. மிதித்துக்கொண்டே போனால் 25 முதல் 35 கி.மீ. எதிர்பார்க்கலாம். "60 கி.மீ." என்பது விளம்பரக் கணக்கு.

பெட்ரோல் பைக்கை மாற்றுவது முற்றிலும் வேறு கதை. 250 வாட் சலுகை அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், அதுவும் கிட்டை மாட்டுவதற்கு முன்பே. மாட்டிவிட்டுப் போய் நின்றால் பிரிவு 182ஏ-ன்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கிட்டுக்கு வாங்கிய ஒப்புதல் எந்தெந்த வண்டி மாடலுக்கு என்று சான்றிதழிலேயே இருக்கும். உங்கள் மாடல் அதில் இல்லையென்றால் "எல்லா வண்டிக்கும் செட்டாகும்" என்ற பேச்சுக்கு மதிப்பே இல்லை. பைக்கின் மேல் கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதத்தை முதலில் வாங்கிவிடுங்கள். பலரை இரண்டாம் முறை அலைய விடுவது இந்த ஒரு தாள்தான்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடப்பது இப்படி: கவுண்டரில் ஆய்வாளரைப் பார்க்கச் சொல்வார்கள். ஆய்வாளர் கிட் கம்பெனியைக் கூட்டிவரச் சொல்வார். கம்பெனிக்காரர் "ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்பார். அந்த வட்டத்துக்குள் போகாதீர்கள். பணம் கொடுக்கும் முன்பே, ஆர்.சி.யில் எரிபொருள் வகையை மின்சாரம் என்று மாற்றித் தருவது விற்பவரின் பொறுப்பு, முடியாவிட்டால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். ஆர்.சி. மாறியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியையும் திருத்த வேண்டும். பதிவாகி 12, 13 வருஷமான பைக்கில் பணத்தைப் போடாதீர்கள். 15 வருஷ ஆர்.சி. காலம் கிட் மாட்டியதால் நீளாது.

கிட்டுக்கு மானியம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மத்திய அரசின் மின்வண்டி மானியத் திட்டமான பிஎம் இ-டிரைவ் மானியம் பதிவு செய்த புது வண்டிக்கு வந்தது, கிட்டுக்கு இல்லை. மாநில சாலைவரி விலக்குக்கு ஒவ்வோர் ஆணையிலும் கடைசித் தேதி உண்டு. அதைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாயால் மறுத்தால் அப்படியே திரும்பி வராதீர்கள். ஆன்லைனில் பதிந்து ஒப்புகை எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். "என் விண்ணப்பம் எந்தத் தேதியிலிருந்து யார் மேஜையில் இருக்கிறது" என்ற ஒரு கேள்வி போதும்.