தொப்பி எங்கே கசிந்தது?

“சேர், புதுசா ஒரு இயர்போன் வாங்கினனான். பாட்டு வடிவாக் கேக்குது, வயலினும் கேக்குது. மிருதங்கத்தில தொப்பியை மட்டும் காணேல்லை. இன்னும் கொஞ்சம் காசு போட்டு எக்ஸ்ட்ரா பேஸ் உள்ளதை எடுக்கச் சொல்லி கடையில சொல்லினம். எடுக்கட்டோ?”

திருகோணமலை உப்புவெளியிலிருந்து வந்த கேள்வி. கேட்ட பிள்ளை என்னிடம் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படித்தவள். இப்போது வட இலங்கைச் சங்கீத சபையின் வாய்ப்பாட்டுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள். “ஒன்றும் எடுக்க வேண்டாம். அந்த இயர்போனையும் அதோடு வந்த றப்பர் மூடிகளையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா பிள்ளை” என்று பதில் போட்டேன்.

அவள் சொன்ன குறையிலேயே விடையின் பாதி இருந்தது. பாட்டு கேட்கிறது, மிருதங்கத்தின் இடப்பக்கத்து ஆழ்ந்த முகமான தொப்பி கேட்கவில்லை. ஏன் அப்படி?

ஒலி என்பது காற்றழுத்தம் ஏறி இறங்குவது, செக்கனுக்கு எத்தனை தடவை என்பது மீடிறன், தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அதிர்வெண். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தது. ஒரு கட்டை என்ற சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹேர்ட்ஸ். ஆனால் அந்தக் குரலில் 131 தனியே வருவதில்லை. 262, 393, 524 என்று அதன் மடங்குகளும் கூடவே வருகின்றன. அடியில் உள்ள 131ஐ முழுதாக வெட்டிவிட்டாலும், மேலே இருப்பவை ஒன்றுக்கொன்று 131 இடைவெளியில் நிற்பதைக் கொண்டு மூளை ஸட்ஜத்தைக் கண்டுபிடித்துவிடும். கைத்தொலைபேசியின் சின்னஞ்சிறு ஸ்பீக்கரிலும் ஆண்குரல் ஆண்குரலாகவே கேட்பது இதனால்தான்.

மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையும் இப்படித் தப்பிவிடும். வெறுந்தோலைத் தட்டினால் மேற்றொனிகள் அடிச்சுரத்தின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று தாறுமாறாக விழும். வலந்தலையின் நடுவில் இருக்கும் கரணை என்ற கறுத்தப் பூச்சு அவற்றை இழுத்து முழு எண் மடங்குகளுக்குக் கொண்டுவருகிறது. 1920இல் இதை உலகுக்கு விளக்கியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். நோபல் பரிசு வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே அவர் மிருதங்கத்தின் முன் உட்கார்ந்திருந்தார்.

தொப்பிக்கு அந்த வசதி இல்லை. ரவை அப்பிய இடந்தலையில் கும்கி என்ற ஆழ்ந்த முழக்கத்தைக் கொடுக்கும்போது அதன் பலமெல்லாம் 100 ஹேர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் கிடக்கிறது. அடியை வெட்டினால், மூளை பிடித்து ஏறுவதற்கு மேலே மடங்குகள் போதாது. உள்ளங்கை தோலில் படும் ‘தட்’ மட்டும் மிஞ்சும். ஆகவே அவளுடைய இயர்போனில் அடி, அதாவது கீழொலி, முழுவதுமே போயிருந்தது. குரலிலும் போயிருந்தது, மூளை நிரப்பியதால் தெரியவில்லை. தொப்பியில்தான் அது பிடிபட்டது.

போன அடி எங்கே போனது? என்னை எப்போதும் மகிழ்விக்கிற இடம் இதுதான்.

70 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5 மீற்றர். காதுக் குழாயின் நீளமோ ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர். அவ்வளவு நீளமான அலை அதற்குள் ஓட முடியாது. அங்கே நடப்பது வேறு. இயர்போனுக்கும் செவிப்பறைக்கும் நடுவே ஓரிரு கன சென்ரிமீற்றர் காற்று அடைபட்டுக் கிடக்கிறது. இயர்போனின் மென்சவ்வு முன்னே வந்தால் அந்தக் காற்று நெரிபடும், பின்னே போனால் தளரும். இரண்டு பக்கமும் மூடிய சிறு அறைக்குள் ஒரே காற்றை அமுக்கி அமுக்கி விடுகிறது, அவ்வளவுதான். பத்து மில்லிமீற்றர் அகலச் சவ்வு ஒன்று, ஆளுயர ஸ்பீக்கர் தரும் ஆழ்ந்த ஒலியைத் தருவது இந்த வித்தையால்தான்.

அறை மூடியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. விறாந்தையில் இருந்த சைக்கிள் பம்பை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாயைப் பெருவிரலால் பொத்தி, சிறு இடைவெளி விட்டு, மெதுவாக அமுக்கச் சொன்னேன். ‘புஸ்’ என்று காற்றுக் கசிந்தது, விரலில் ஒன்றும் தெரியவில்லை. அதே இடைவெளியோடு ‘சடார்’ என்று அமுக்கச் சொன்னேன். விரலைத் தள்ளியது. வேகமாக அமுக்கினால் காற்றுக்குக் கசிய நேரம் இல்லை, மெதுவாக அமுக்கினால் தாராளமாக நேரம் இருக்கிறது. காதிலும் இதே கதை. வயலின் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் அமுக்குகிறது, ஓட்டை இருந்தாலும் அழுத்தம் நிற்கும். தொப்பி எழுபது தடவை ஆறுதலாக அமுக்குகிறது, அழுத்தம் ஓட்டையால் வெளியேறிவிடும். மயிரிழை இடைவெளி போதும்.

அந்த ஓட்டையைக் கண்ணால் காண முடியாது, வாயால் கண்டுபிடிக்கலாம். இரண்டு காதிலும் இயர்போனை வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, வாயை மூடி ‘ம்’ என்று கீழ் ஸட்ஜத்தை இழுங்கள். நம் குரல் எலும்பு வழியாகவும் காதுக் குழாயின் சுவரை அதிரவைக்கிறது. திறந்த காதில் அந்த அதிர்வு வெளியே போய்விடும். அடைத்த காதில் போக வழியின்றித் தலைக்குள் முழங்கும். அவள் ‘ம்’ இழுத்தாள். வலது காதில் முழக்கம். இடதில் ஒன்றுமில்லை.

இடது காதுக்குப் பெரிய மூடியை மாட்டினோம். காதுமடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்து வைக்கச் சொன்னேன், அப்போதுதான் வளைந்த குழாய் சற்று நேராகும். திரும்ப ‘ம்’. இரண்டு பக்கமும் முழங்கியது. ஒரே ஆளின் இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. இயர்போனோடு மூன்று சோடி மூடிகள் வருவது அழகுக்கு அல்ல. பலர் அந்தச் சிறு பையைத் திறப்பதே இல்லை.

அடி கிடைத்துவிட்டது. மேலே என்ன நடக்கிறது என்பதிலும் காது ஒரு கை பார்க்கிறது. நீர் நிறைந்த சாடிக்குள் குழாயை ஏற்றி இறக்கி, மேலே இசைக்கவையைப் பிடித்து, குழாய் திடீரென்று பாடத் தொடங்கும் இடத்தைத் தேடிய பரிசோதனை நினைவிருக்கிறதா? பாடப்புத்தகம் அதற்கு வைத்த பெயர் பரிவு. அறிவியல் தமிழில் எனக்கு மிகப் பிடித்த சொல். ஒரு முனை மூடிய குழாய், தன் நீளத்தின் நான்கு மடங்கு அலைநீளமுள்ள ஒலிக்குப் பரிந்து கொடுக்கும். காதும் அப்படியொரு குழாய், செவிப்பறை மூடிய முனை. இரண்டரைச் சென்ரிமீற்றரின் நான்கு மடங்கு 10 சென்ரிமீற்றர். நமது வெக்கையில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 350 மீற்றர், வகுத்தால் 3500 ஹேர்ட்ஸ். காதின் வாய்ப்பக்கம் விரிந்திருப்பதால் உண்மையில் 3000ஐ ஒட்டியே விழும். அந்தப் பகுதியை நம் காது 10 டெசிபலுக்கு மேல் கூட்டிக் கேட்கிறது. வயலின் வில்லின் உரசலும் குரலின் துலக்கமும் அங்கேதான் வாழ்கின்றன.

இயர்போனைச் செருகிய கணத்தில் இந்தக் கணக்குக் கலைந்துவிடுகிறது. திறந்த முனையும் மூடப்பட்டுவிட்டதே! 3000இன் பரிவு போய்விட்டது. இரு முனையும் மூடிய குழாய் தன் நீளத்தின் இரண்டு மடங்குக்குத்தான் பரியும். மிஞ்சிய நீளம் 2 சென்ரிமீற்றர் என்றால் 8750 ஹேர்ட்ஸ். ‘ஸ’காரம் ஊசியாய்க் குத்துவதும், தாளச் சத்தம் தகரமாய் ஒலிப்பதும் இங்கே. ஆகவே நல்ல இயர்போன் செய்பவர், நம்மிடமிருந்து பறித்த 3000ஐத் தன் கருவியிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். குறைத்துக் கொடுத்தால் பாடகர் திரைக்குப் பின்னால் நிற்பார், கூட்டிக் கொடுத்தால் வயலின் கீறும். குத்தலாக இருந்தால் இயர்போனைக் கொஞ்சம் ஆழமாகவோ மேலாகவோ வைத்துப் பாருங்கள். மிஞ்சிய நீளம் ஒன்றரைச் சென்ரிமீற்றரானால் அந்தப் பரிவு 11,000ஐத் தாண்டிவிடும்.

வாங்குவதைப் பற்றி இனிச் சுருக்கமாகச் சொல்லலாம். மூடிகள் பல அளவில் வருகிறதா என்று முதலில் பாருங்கள், சிலிக்கன் ஒத்துவராத காதுக்கு நுரை மூடி நன்கு அடைக்கும். எக்ஸ்ட்ரா பேஸ் என்று எழுதியிருந்தால் சங்கீதத்துக்கு வேண்டாம். தடித்த கீழொலி தனக்கு மேலே உள்ளதை மறைக்கும் இயல்புடையது, தம்புராவின் ஜீவா எனப்படும் ரீங்காரம் முதலில் மூழ்கும். வயர் உள்ளதென்றால் காதைச் சுற்றிப் பின்னால் விடுங்கள், சட்டையில் உரசும் சத்தம் காதுக்கு வருவது குறையும்.

விலையைப் பார்த்துத் தரத்தை அளக்க வேண்டாம். யெரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களின் ஒலி அளவீடுகளை விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு காணவில்லை. எங்கள் பிள்ளைகளுக்குக் கடைகளில் சொல்லப்படுவதோ வேறு. தங்க முலாம் பூசிய முனை ராகத்தைத் துலக்குமாம், நூறு மணித்தியாலம் ஓடவிட்டால் இயர்போன் ‘திறக்கு’மாம். நூறு மணித்தியாலத்தில் பெரும்பாலும் பழகுவது கேட்பவரின் காதும் மூளையும்தான். நூல் கட்டி நோய் தீர்ப்பதை ஏற்காதவர்கள்கூட இதை நம்பிக் காசு கொடுப்பது எனக்கு வேதனை தருகிறது.

இதைத் தீர்க்க அளந்து பார்க்கும் இடம் வேண்டும். விஞ்ஞானம் படித்து, திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்து, பழந்தமிழ் யாழின் சுருதிகளைக் கணிதத்தால் துருவிய விபுலாநந்த அடிகள் நடந்த மண் இது. அவர் பெயரில் மட்டக்களப்பில் அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. இயர்போனை அளக்க உதவும் ஒரு செயற்கைக் காதும் ஒரு நல்ல மைக்கும் வாங்கி, மிருதங்கம் படிக்கும் பிள்ளையையும் கணினி படிக்கும் பிள்ளையையும் ஒரே மேசையில் இருத்தப் பணம் ஒதுக்க வேண்டும். பெரிய கட்டடத்துக்கு முன்னால் இதைச் செய்யலாம்.

கடைசியாக, சத்தம். கொழும்பு இரவு பஸ்ஸின் எஞ்சின் இரைச்சல் தொப்பி இருக்கும் அதே அடியில்தான் கிடக்கிறது. காது சரியாக அடைபடாவிட்டால் தொப்பி கசிந்துபோகும், எஞ்சின் உள்ளே வரும். தொப்பியைத் தேடிச் சத்தத்தைக் கூட்டுவோம். கூடுவதோ காது மிகக் கூர்மையாகக் கேட்கும் 3000. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகக் குறையும். 89 டெசிபலில் வாரம் முழுவதற்கும் 5 மணித்தியாலம்தான். ஒரே பயணத்தில் அது தீர்ந்துவிடும்.

பிள்ளை அதே பழைய இயர்போனோடுதான் கொழும்புக்குப் போனாள். இடதில் பெரிய மூடி, வலதில் நடுத்தரம். விடியற்காலை குரற்செய்தி வந்திருந்தது: “சேர், பாதிக்கும் கீழதான் சத்தம் வைச்சனான். ஹபரணை தாண்டேக்குள்ள தனியாவர்த்தனம் வந்தது. கும்கி ஒவ்வொன்றா எண்ணலாம் போல இருந்தது.”