சந்தேகம் வந்தாலே தகவல் போக வேண்டும்

காய்ச்சல், இருமல், சிவந்த கண், முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் செந்தடிப்பு. இப்படி ஒரு குழந்தை வந்தால் மருத்துவருக்கு முதலில் தட்டம்மைதான் நினைவுக்கு வரும். ரத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகலாம். உறுதியானதும் சொல்லிக்கொள்வோம் என்று அவர் நினைப்பது இயல்புதான். ஆனால் பல நாடுகளின் பொதுச் சுகாதார விதிகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சந்தேகம் வந்த உடனேயே சுகாதார அலுவலருக்குத் தகவல் போய்விட வேண்டும்.

எதற்கு இத்தனை அவசரம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும். தெரிந்த பிறகும் நான்கு நாள் பரவும். ஆக, நோய் கண்ணில் படும்போதே நான்கு நாள் தாமதம். எதிர்ப்புச் சக்தி யாருக்குமே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு இதைத் தந்துவிடுவார். நோயாளி எழுந்து போன பிறகும் கிருமி இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் மிதக்கும். குழந்தை காலை 10 மணிக்குக் காத்திருப்பு அறையை விட்டுப் போனது என்றால், 11.30-க்கு வந்து உட்கார்ந்தவரும் கணக்கில் வருவார். அந்தக் குழந்தையின் முகத்தைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார்.

அவருக்கு இன்னும் வழி இருக்கிறது. கிருமி பட்ட 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கலாம், குறைந்தது கடுமையைக் குறைக்கலாம். தடுப்பூசி போட முடியாத கைக்குழந்தை, கர்ப்பிணி போன்றவர்களுக்கு ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக இருக்கும் எதிர்ப்புப் புரதத்தின் ஊசி. ஆய்வக முடிவுக்கு மூன்று நாள் காத்திருந்தால் முதல் வழி அடைபட்டுவிடும். சந்தேகம் பொய்யாகிப் போனால் சில தொலைபேசி அழைப்புகளும் சில ஊசிகளும் வீண், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் அது மலிவான விலை.

தகவல் கிடைத்ததும் சுகாதார அலுவலர் கேட்கும் முதல் கேள்வி, 'தடிப்பு எந்தத் தேதியில் வந்தது?' அதிலிருந்து நான்கு நாள் பின்னோக்கி எண்ணிக்கொண்டு, குழந்தை போன வகுப்பறை, ஏறிய பேருந்து, விளையாடிய வீடு என ஒரு பட்டியல் போடுவார். நோயாளியின் விவரம் ரகசியம் என்ற மருத்துவ விதிக்கு இங்கே சட்டமே விலக்கு தருகிறது. அந்த விலக்கு சுகாதாரத் துறை வரைக்கும்தான், ஊருக்கு அல்ல.

எல்லா நோய்க்கும் இதே வேகம் தேவையில்லை. சிலவற்றை உடனே சொல்ல வேண்டும், சிலவற்றை வாரம் ஒருமுறை எண்ணிக்கையாகத் தந்தால் போதும். காலராவில் ஆட்களை மட்டுமல்ல, தண்ணீரையும் துரத்த வேண்டும். 1854-இல் லண்டனில் மருத்துவர் ஜான் ஸ்னோ, பிராட் தெரு அடிகுழாய்தான் காரணம் என்று கண்டுபிடித்ததைப் பலர் அறிவார்கள். அவர் வீடு வீடாகப் போகும் முன் பதிவாளர் அலுவலகத்தில் இருந்த இறப்புப் பட்டியலைத்தான் வாங்கினார். யாரோ முகவரியோடு எழுதி வைத்திருந்ததால் வந்த கண்டுபிடிப்பு அது.

தமிழில் ஒரு குழப்பம் உண்டு. நோயாளியை ஒதுக்கி வைப்பதையும், நோயாளியோடு பழகிய நலமான ஆளை ஒதுக்கி வைப்பதையும் 'தனிமைப்படுத்தல்' என்றே சொல்கிறோம். இரண்டாவதுதான் குவாரன்டைன். எத்தனை நாள் என்பதை நோயரும்பு காலம், அதாவது கிருமி புகுந்து அறிகுறி தெரியும் வரையான இடைவெளி, முடிவு செய்கிறது. எபோலாவுக்கு அது அதிகபட்சம் 21 நாள். கொள்ளைநோய் ஓய்ந்தது என்று அறிவிக்க அதைப்போல் இரு மடங்கு, 42 நாள், புது நோயாளி இல்லாமல் கழிய வேண்டும்.

மருத்துவர் தயங்குவதைப் போலவே நாடுகளும் தயங்கும். சுற்றுலாவும் ஏற்றுமதியும் படுத்துவிடுமே என்ற பயம். 2002 இறுதியில் சீனாவில் தொடங்கிய சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று, உலக சுகாதார அமைப்புக்கு அதிகாரபூர்வமாகத் தெரிவிக்கப்பட்டது 2003 பிப்ரவரியில்தான். அந்தப் பாடத்தோடு திருத்தப்பட்ட சர்வதேச சுகாதார விதிமுறைகள் 2007-இல் நடைமுறைக்கு வந்தன. பாதிப்பு கடுமையானதா, வழக்கத்துக்கு மாறானதா, எல்லை தாண்டுமா, பயணத்துக்கோ வணிகத்துக்கோ தடை வருமா என்று நான்கு கேள்விகள். இரண்டுக்கு 'ஆம்' என்றால் 24 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நாடு வாய் திறக்காவிட்டாலும், வேறு வழியில் வந்த செய்தியை வைத்து அந்த அமைப்பே விளக்கம் கேட்கலாம்.

நோய் இல்லாதபோதும் அறிக்கை போக வேண்டும் என்பதுதான் பலருக்கு வியப்பாக இருக்கும். போலியோ கண்காணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 15 வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்காவது, போலியோ அல்லாத வேறு காரணத்தால் கைகால் திடீரெனத் தளர்ந்துபோகும். அப்படி ஒரு தகவல்கூட ஒரு வட்டாரத்திலிருந்து வரவில்லை என்றால், அங்கே எல்லாரும் நலம் என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வதில்லை. மருத்துவமனைகளுக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்டத் தொடங்குகிறார்கள்.